‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவலை எங்கே பிடித்துப் படிப்பது?

ஜோசப் கான்ராடின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ நூறு பக்கம்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு முறை எடுத்தும் முப்பது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை, என்ன நடக்கிறது என்றே பிடிபடவில்லை என்கிறீர்கள். அதோடு, நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்சேபே இதை இனவெறி நாவல் என்று சொன்ன பிறகும் இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கத்தான் வேண்டுமா என்றும் கேட்கிறீர்கள்.

படிக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் வேறு மாதிரி படித்துப் பாருங்கள். இந்த நாவலை அறிமுகப்படுத்துபவர்களில் பலரும் ‘மனித மனத்தின் இருண்ட ஆழத்துக்குள் ஒரு பயணம்’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதை நம்பிப் புத்தகத்தைத் திறப்பவர் ஆப்பிரிக்காவின் உள்ளே தந்தம் சேகரிக்கும் ஏஜெண்டான குர்ட்ஸையும் அவனுடைய மர்மத்தையும் முதல் பக்கத்திலிருந்தே தேடுகிறார். குர்ட்ஸோ மூன்றில் இரண்டு பங்கு கதை முடியும்வரை கண்ணிலேயே படுவதில்லை. அதுவரை வருவதெல்லாம் ஒரு கம்பெனி: அதன் தலைமை அலுவலகம், டாக்டர், கணக்காளர், கிடங்கு, மேனேஜர், பழுதான ஒரு படகு. ஆகவே குர்ட்ஸைக் கொஞ்சம் மறந்துவிட்டு, இதை ஒரு வியாபாரக் கம்பெனியின் கதையாகப் படியுங்கள். எந்தச் சரக்கு எந்தப் பக்கம் போகிறது, எது வந்து சேரவில்லை, யாருக்கு எதில் கூலி கொடுக்கிறார்கள், பேரேட்டில் எது ஏறுகிறது என்று மட்டும் பாருங்கள். நாவலின் பாதிக் கஷ்டம் அப்போதே தீர்ந்துவிடும்.

முதலில் யார் பேசுகிறார்கள் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பலர் குழம்புவது இங்கேதான். லண்டனுக்குக் கீழே, கிரேவ்ஸெண்ட் பக்கம், தேம்ஸ் ஆற்றில் ‘நெல்லி’ என்ற பாய்மரப் படகில் ஐந்து பேர் ஓதம் திரும்பக் காத்திருக்கிறார்கள். ஒருவர் கம்பெனிகளின் இயக்குநர், ஒருவர் வக்கீல், ஒருவர் கணக்காளர், ஒருவர் மாலுமியான மார்லோ, இன்னொருவர் பெயரில்லாத நம் கதைசொல்லி. இருட்டிய பிறகு மார்லோ தன் ஆப்பிரிக்கப் பயணத்தைச் சொல்கிறான். அவன் சொன்னதைக் கதைசொல்லி நமக்குச் சொல்கிறார். அதனால்தான் பத்திக்குப் பத்தி மேற்கோள் குறி வருகிறது. மார்லோ கதையை நிறுத்தி ‘உங்களுக்குப் புரிகிறதா?’ என்று கேட்டால், அவன் கேட்பது இந்த நால்வரிடம். அவர்களில் ஒருவர் கம்பெனிகளை நடத்துபவர், ஒருவர் அவற்றுக்குச் சட்டம் பார்ப்பவர், ஒருவர் கணக்குப் பார்ப்பவர். அந்த மூவரும் உட்கார்ந்திருக்கும் படகில்தான் அவன் ஒரு கம்பெனியின் கதையைச் சொல்கிறான் என்பதை மறக்காதீர்கள்.

நீங்கள் நிறுத்திய அந்த முப்பதாவது பக்கம் அநேகமாகக் கம்பெனியின் கீழ் நிலையத்தை ஒட்டி இருக்கும். அங்கேயே திரும்பப் போய் நிதானமாகப் படியுங்கள். மார்லோ மலைச்சரிவில் ஏறுகிறான். எதிரே ஆறு பேர் வரிசையாக வருகிறார்கள், ஒவ்வொருவர் கழுத்திலும் இரும்பு வளையம், எல்லாரையும் இணைத்து ஒரு சங்கிலி. அவர்களைக் ‘குற்றவாளிகள்’ என்கிறார்கள். என்ன குற்றம் என்று யாரும் சொல்வதில்லை. கொஞ்சம் தள்ளி மரநிழலில் ஒதுங்கப் போனால், வேலை செய்து தேய்ந்துபோன மனிதர்கள் சாவதற்காக ஊர்ந்து வந்து கிடக்கிறார்கள். சட்டப்படி ஒப்பந்தம் போட்டுக் கூட்டிவரப்பட்டவர்கள்தான் இவர்கள். உடம்பு ஓய்ந்ததும் வேலையிலிருந்து விட்டுவிட்டார்கள். அதில் ஒரு பையனிடம் மார்லோ தன் பையிலிருந்த பிஸ்கட்டைக் கொடுக்கிறான். பையனின் கழுத்தில் ஒரு வெள்ளை நூல் கட்டியிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, எதற்குக் கட்டினான் என்று மார்லோவுக்குத் தெரியவில்லை. கடல்தாண்டி வந்த நூல் என்பது மட்டும் தெரிகிறது.

அடுத்த பக்கத்திலேயே அந்த நிலையத்தின் கணக்காளர் வருகிறார். கஞ்சி போட்ட உயரமான காலர், வெள்ளை மணிக்கட்டுப் பட்டை, எண்ணெய் தடவி வகிடெடுத்த தலை. இந்தக் காட்டில் இப்படித் துணி எப்படி வெளுக்கிறீர்கள் என்று மார்லோ கேட்கிறான். உள்ளூர்ப் பெண் ஒருத்தியைப் பழக்கினேன், கஷ்டமாக இருந்தது, அவளுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்கிறார். அவருடைய கணக்குப் புத்தகங்கள் ஒரு பிசகில்லாமல் இருக்கின்றன. உள்நாட்டிலிருந்து நோயாளியாகக் கொண்டுவரப்பட்ட ஒரு ஏஜெண்டை அவர் அறையிலேயே கட்டிலில் கிடத்தியிருக்கிறார்கள். அந்த ஆள் முனகுவது கவனத்தைக் கலைக்கிறது, கணக்கில் தப்பு வந்துவிடும் என்று அலுத்துக்கொள்கிறார். அவர் வாசற்படியிலிருந்து ஐம்பது அடி கீழேதான் அந்தச் சாவுத்தோப்பின் மர உச்சிகள் தெரிகின்றன. கான்ராட் இதற்கு விளக்கம் சொல்வதில்லை. பேரேட்டையும் தோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். காலனியத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். இந்த இரண்டு பக்கம் சொன்ன அளவுக்கு அவற்றில் எதுவும் சொன்னதில்லை.

அப்புறம் ரிவெட்டுகள், அதாவது இரும்புத் தகடுகளை இணைக்கும் தறையாணிகள். கம்பெனியின் மைய நிலையத்துக்கு மார்லோ வந்து சேரும்போது, அவன் ஓட்ட வேண்டிய ஸ்டீமர் ஆற்றுக்கடியில் கிடக்கிறது. இரண்டு நாளைக்கு முன்னால்தான் மேனேஜர் திடீரென்று அவசரப்பட்டு அதைக் கிளப்பிக்கொண்டு போயிருக்கிறார். யாரோ ஒரு தன்னார்வக் கேப்டன் அதைப் பாறையில் ஏற்றி அடித்தட்டைக் கிழித்துவிட்டான். சரிசெய்ய ரிவெட் வேண்டும். கீழ் நிலையத்தில் ரிவெட் பெட்டி பெட்டியாக உடைந்து கொட்டிக் கிடக்கிறது, காலில் இடறுகிறது, சாவுத்தோப்புக்குள்ளேகூட உருண்டு கிடக்கிறது. தேவைப்படும் இடத்தில் ஒன்றுகூட இல்லை. வாரத்துக்குப் பல முறை கடற்கரையிலிருந்து சுமைகூலிகளின் வரிசை வருகிறது. மட்டமான பளபளப்புத் துணி, கண்ணாடி மணி, புள்ளி போட்ட கைக்குட்டை எல்லாம் வருகின்றன. ரிவெட் மட்டும் வருவதில்லை.

பெரும்பாலான வாசகர்கள் இதை நிர்வாகச் சீர்கேடு என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். மேனேஜர் முதல் சந்திப்பிலேயே சொல்லும் ஒரு வரியைத் திரும்பப் பாருங்கள். உள் நிலையத்தில் குர்ட்ஸ் நோயாக இருப்பதாகக் கேள்விப்படுகிறோம், நிலைமை மோசம் என்கிறார். படகு கிளம்ப எவ்வளவு நாளாகும் என்று அவரே கணக்குப் போட்டு, மூன்று மாதம் என்று வைத்துக்கொள்வோம், அதற்குள் காரியம் முடிந்துவிடும் என்கிறார். என்ன காரியம்? குர்ட்ஸ் மற்ற எல்லா ஏஜெண்டுகளும் சேர்ந்து அனுப்பும் அளவுக்குத் தந்தம் அனுப்புபவன், ஐரோப்பாவில் செல்வாக்குள்ளவன், நாளைக்கு மேனேஜரின் நாற்காலிக்கு வரக்கூடியவன். மருந்தும் ஆளும் போகாமல் மூன்று மாதம் தள்ளினால் காய்ச்சலே அவனை முடித்துவிடும். படகு மூழ்கியதன் உண்மையான அர்த்தம் அப்போது தெரியவில்லை என்று மார்லோவே சொல்கிறான். இப்போதும் உறுதியாகத் தெரியாது என்கிறான். என் வாசிப்பில் இது கத்தியில்லாமல் நடக்கும் கொலை. இதைப் பிடித்துக்கொண்டால் நடுப்பகுதி முழுக்க வேகம் எடுத்துவிடும்.

நாவலின் நடை கஷ்டம் என்று சொன்னீர்கள். அந்தக் கஷ்டத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று மதிப்புள்ளது. மார்லோ எதையும் முதலில் பார்க்கிறான், பிறகுதான் அது என்னவென்று அவனுக்குப் புரிகிறது. கான்ராட் அந்த இடைவெளியை அப்படியே நமக்குக் கொடுக்கிறார். மேலாற்றில் படகைச் சுற்றி மெல்லிய குச்சிகள் பறக்கின்றன, மூக்குக்கு முன்னால் விர்ரென்று போகின்றன, கீழே விழுகின்றன. ஒரு நிமிடம் கழித்துத்தான் அவை அம்புகள் என்று தெரிகிறது. குர்ட்ஸின் வீட்டைச் சுற்றி வேலிக்கம்புகளின் முனையில் உருண்டையாக ஏதோ அலங்காரம் தெரிகிறது. சில பக்கம் கழித்துத் தூரக்கண்ணாடியில் பார்த்தால், காய்ந்த மனிதத் தலைகள். ஒன்றைத் தவிர எல்லாமே வீட்டைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டவை. அலங்காரம் என்று நினைத்துச் சில பக்கம் நாமும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம் அல்லவா, அந்த அதிர்ச்சிக்காகத்தான் இந்த நடை. இயன் வாட் என்ற விமர்சகர் 1979-இல் இந்த உத்தியைப் பற்றி நுட்பமாக எழுதியிருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டு படித்தால், புரியாத ஒரு பொருள் வரும்போது பின்னால் திரும்ப மாட்டீர்கள். கொஞ்சம் பொறுத்தால் மார்லோவுக்குப் புரியும்போது உங்களுக்கும் புரிந்துவிடும்.

இன்னொரு வகைக் கஷ்டத்துக்கு நீங்கள் தலைவணங்க வேண்டியதில்லை. ‘அளவிட முடியாத’, ‘சொல்லொணாத’, ‘புரிபடாத’ என்று அடைமொழிகள் அடுக்கடுக்காக வரும், காடும் மௌனமும் மர்மமும் புகைமூட்டமாகக் கவியும். விமர்சகர் எஃப்.ஆர். லீவிஸ் 1948-லேயே இதைக் குறைசொன்னார்: இந்த அடைமொழிகள் எதையும் கூட்டவில்லை, மழுங்கடிக்கத்தான் செய்கின்றன என்றார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அப்படிப்பட்ட வாக்கியங்களில் தேங்கி நின்று அகராதியைப் புரட்டாதீர்கள். ஒரு பொருள், ஒரு எண், ஒரு கூலி, ஒரு உத்தரவு வரும் இடத்தில் மட்டும் நின்று படியுங்கள். ஆங்கிலம் கான்ராடுக்கு மூன்றாவது மொழி. போலந்துக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே பிரெஞ்சு கற்று, இருபது வயதை ஒட்டித்தான் ஆங்கிலக் கப்பல்களில் அதைக் கற்றார்.

பின்னணி வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் நாவல் அதைச் சொல்லாது. ‘காங்கோ’ என்ற பெயரோ, ‘பெல்ஜியம்’ என்ற பெயரோ கதையில் எங்கும் வராது. 1884-85 பெர்லின் மாநாட்டை ஒட்டி, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் காங்கோ ஆற்றுப் படுகையைத் தன் சொந்த ஆட்சிப்பரப்பாக ஐரோப்பிய நாடுகளிடம் அங்கீகாரம் வாங்கிக்கொண்டார். நாட்டின் காலனி அல்ல, மன்னருடைய சொந்தச் சொத்து. அடிமை வியாபாரத்தை ஒழிப்பது, நாகரிகத்தைக் கொண்டுபோவது என்றெல்லாம் பேசினார். அந்த மண்ணில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. 1908 வரை அது அவர் கையில் இருந்தது.

கான்ராட் அங்கே போனது 1890-இல். ஒரு பெல்ஜிய வர்த்தகக் கம்பெனிக்காக ஸ்டீமர் ஓட்டப் போனார். ஜூனில் காங்கோ ஆற்றின் மட்டாடி துறைமுகத்தில் இறங்கினார். அங்கிருந்து கின்ஷாசா வரை ஆறு அருவியும் பாறையுமாக இருக்கும், கப்பல் போகாது. எல்லாச் சரக்கும் மனிதத் தலையில்தான் மேலே போக வேண்டும். அந்த 370 கி.மீ. தூரத்தை அவரும் நடந்தார். நாவலில் வெடி வைத்துப் பாறை உடைக்கும் சத்தம் கேட்கிறதே, அது அந்த அருவிகளைச் சுற்றிப் போட்ட ரயில்பாதை. 1890-இல் வேலை தொடங்கி 1898-இல் முடிந்தது. கின்ஷாசா போய்ச் சேர்ந்தால் அவருக்கென்று இருந்த படகு பழுதாகிக் கிடந்தது. வேறொரு படகில் இன்னொரு கேப்டனுக்குக் கீழே ஸ்டான்லி நீர்வீழ்ச்சி வரை, அதாவது இன்றைய கிசங்கானி வரை, போனார். திரும்பும்போது க்ளெய்ன் என்ற நோயாளி ஏஜெண்டை ஏற்றிக்கொண்டார்கள், அவர் வழியிலேயே இறந்துபோனார். கையெழுத்துப் பிரதியில் முதலில் சில இடங்களில் குர்ட்ஸின் பெயர் க்ளெய்ன் என்றே இருந்தது. கான்ராடும் காய்ச்சலோடும் வயிற்றுக்கடுப்போடும்தான் ஊர் திரும்பினார். எட்டு ஆண்டு கழித்து நாவலை எழுதினார். 1899 பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் ‘பிளாக்வுட்ஸ்’ பத்திரிகையில் மூன்று பகுதியாக வந்தது, 1902-இல் புத்தகமானது.

அவர் போன காலம் தந்தத்தின் காலம். ரப்பரின் காலம் அதற்குப் பின்னால் வந்தது. காற்றடைத்த டயர் வந்ததும் உலகத்துக்கு ரப்பர் தேவைப்பட்டது. ஊர் ஊராக அளவு விதித்தார்கள், பெண்களைப் பிணையாகப் பிடித்துவைத்தார்கள், சிப்பாய்கள் செலவழித்த தோட்டாவுக்குக் கணக்குக் காட்டக் கையை வெட்டிக் கொண்டுவந்தார்கள். நீங்கள் பார்த்திருக்கக்கூடிய, கை வெட்டப்பட்டவர்களின் அந்தப் பழைய புகைப்படங்கள் இந்தக் காலத்தவை. நாவலில் அவற்றைத் தேடாதீர்கள். அதற்கு முந்தைய கட்டம்தான் நாவலில் இருக்கிறது.

இப்போது அச்சேபே. ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ எழுதிய அவர் 1975-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் கான்ராடை இனவெறியர் என்றே சொன்னார். சும்மா சொல்லவில்லை, வரிகளை எடுத்துக்காட்டினார். படகின் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் ஆப்பிரிக்கத் தொழிலாளியை, கால்சட்டை மாட்டிப் பின்னங்காலில் நடக்கும் நாயோடு ஒப்பிடுகிறது நாவல். ஆப்பிரிக்கர்கள் கூட்டமாகத் துள்ளுகிறார்கள், ஊளையிடுகிறார்கள், ஆனால் பேசுவதில்லை. பேச்சாக அவர்கள் வாயில் வருவது இரண்டே இடம்: ஒன்று மனிதனைத் தின்னக் கேட்பது, இன்னொன்று குர்ட்ஸ் செத்துவிட்டான் என்று அறிவிப்பது. ஒரு ஐரோப்பியனின் மனம் சிதைவதைக் காட்ட ஒரு கண்டத்தையே மேடைத்திரையாக ஆக்கிவிட்டார் என்றார் அச்சேபே. அப்படிச் சொல்வது மார்லோதானே, கான்ராட் இல்லையே என்ற வாதத்துக்கும் பதில் வைத்திருந்தார்: மார்லோவின் பார்வையைவிட்டு வேறு விதமாகப் பார்க்க நாவலில் ஒரு சின்னக் குறிப்புகூட இல்லை.

இது சரியான குற்றச்சாட்டு. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள் என்று தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. கான்ராட் போன அதே 1890-இல், அதே ஆற்றின் ஸ்டான்லி நீர்வீழ்ச்சியிலிருந்து, ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்ற கறுப்பின அமெரிக்கர் லியோபோல்டுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அந்த மக்களிடம் விசாரித்து, அவர்கள் சொன்னதைக் குற்றப்பட்டியலாக அடுக்கினார். அதாவது அங்கே பேச ஆட்கள் இருந்தார்கள், கேட்கவும் முடிந்தது. காங்கோவில் நடந்த கொடுமைகளை விசாரித்த 1904-05 குழுவின் முன் பொலிமா ஊர்த் தலைவர் லொன்டுலு வந்தார். ரப்பருக்காகக் கொல்லப்பட்ட தன் மக்களுக்கு ஒருவருக்கு ஒன்றாக 110 குச்சிகளை மேசைமேல் வைத்தார், ஒவ்வொன்றுக்கும் உரியவர் பெயரைச் சொன்னார். அந்தக் குழுவிடம் மக்கள் கொடுத்த வாக்குமூலங்களைப் பெல்ஜிய அரசு 1980-கள் வரை ஆய்வாளர்களுக்குத் திறந்துகூடக் காட்டவில்லை. கான்ராடின் நாவலில் பெயர் சொல்ல ஒரு ஆப்பிரிக்கர்கூட இல்லை என்பதை லொன்டுலுவின் குச்சிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அச்சேபேயின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று விளங்கும்.

அப்படியென்றால் ஏன் படிக்கச் சொல்கிறேன்? கொள்ளையடிக்கப்பட்டவர்களை இந்த நாவல் பார்க்கத் தவறியது. ஆனால் கொள்ளையடித்தவனின் அலுவலகத்தை இதைப்போல் உள்ளேயிருந்து காட்டிய நாவல்கள் குறைவு. படகில் வேலை செய்யும் உள்ளூர் ஆட்களுக்கு வாரக்கூலி மூன்று பித்தளைக் கம்பித் துண்டு, ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம். வழியில் ஊர்களில் அதைக் கொடுத்துச் சாப்பாடு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. படகு எந்த ஊரிலும் நிற்பதில்லை. அவர்கள் கொண்டுவந்த நீர்யானை இறைச்சியையும் நாற்றம் தாங்காமல் வெள்ளைக்காரர்கள் ஆற்றில் எறிந்துவிட்டார்கள். ஆனால் கம்பி மட்டும் வாராவாரம் தவறாமல் பட்டுவாடா ஆகிறது. கடைசியில் குர்ட்ஸின் தலைகளைப் பார்த்த பிறகு மேனேஜர் சொல்வது என்ன? கொடுமை என்றா? இல்லை. அவனுடைய வழிமுறை சரியில்லை, இந்த வட்டாரத்தில் கொஞ்ச காலம் வியாபாரம் கெட்டுப்போகும் என்கிறார்.

நிஜ வாழ்க்கையிலும் காங்கோவின் குட்டு பேரேட்டிலிருந்துதான் உடைந்தது. ஈ.டி. மோரெல் லிவர்பூலில் ஒரு கப்பல் கம்பெனி ஊழியர். ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் போய்ச் சரக்குப் பட்டியல்களைப் பார்த்தார். காங்கோவிலிருந்து ரப்பரும் தந்தமும் வந்து குவிகின்றன, அங்கே போவதோ பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும். விலை கொடுத்து வாங்குவதற்கான சரக்கு போகவே இல்லையென்றால், அங்கே நடப்பது வியாபாரம் அல்ல, அடிமை வேலை என்று முடிவுக்கு வந்தார். வேலையை விட்டுவிட்டு, பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்டோடு சேர்ந்து 1904-இல் காங்கோ சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார். மட்டாடியில் கான்ராடோடு பழகியவர் இந்தக் கேஸ்மென்ட். இதைப் பற்றி எழுதப்பட்டவற்றிலேயே மிக வலிமையானது கான்ராடின் கதை என்று மோரெல் கருதினார். கான்ராட் ஆதரவாக ஒரு கடிதம் கொடுத்தார், இயக்கத்தில் சேரவில்லை.

முடிவுக் காட்சியைப் பற்றியும் ஒன்று. குர்ட்ஸ் காட்டுமிராண்டிப் பழக்கங்களை ஒழிப்பதற்கான ஒரு சர்வதேசச் சங்கத்துக்குப் பதினேழு பக்க அறிக்கை எழுதியிருக்கிறான், முழுக்க உயர்ந்த பேச்சு. கடைசியில் நடுங்கும் கையில் ஒரு குறிப்பு: அந்த மிருகங்கள் அத்தனையையும் அழித்துவிடுங்கள். மார்லோ ஊருக்கு வந்து அறிக்கையைக் கம்பெனி ஆளிடம் காட்டும்போது அந்தக் குறிப்பைக் கிழித்துவிட்டுத்தான் கொடுக்கிறான். பிறகு குர்ட்ஸுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணைப் பார்க்கப் போகிறான், அவன் கடைசியாக உங்கள் பெயரைத்தான் சொன்னான் என்று பொய் சொல்கிறான். பலர் இந்தப் பொய்யை மட்டும் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கிழித்த காகிதம்தான் பெரிதாகப் படுகிறது. பொய்யை வெறுப்பவன் என்று சொல்லிக்கொண்ட மார்லோ, ஐரோப்பா தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே வரியை ஐரோப்பாவிடமிருந்து மறைத்துவிட்டான். அந்தப் பெண்ணின் அறை மூலையில் ஒரு பெரிய பியானோ நிற்கிறது. அந்தக் காலத்தில் பியானோ கட்டைகளுக்கு மேலே ஒட்டியது யானைத் தந்தம்.

எப்படிப் படிப்பது என்றால், பத்திரிகையில் வந்தபடி மூன்று பகுதியை மூன்று உட்காரலில் படியுங்கள். ஒரு பகுதியை நடுவில் விட்டுவிட்டு மறுநாள் தொடர வேண்டாம், கான்ராடின் இழை அறுந்துபோகும். அச்சேபேயின் உரையை முன்கூட்டியே படிக்காதீர்கள். நாவல் முடிந்த அன்றோ மறுநாளோ படியுங்கள். அப்புறம் முதல் பகுதியை மட்டும் இன்னொரு முறை. நாவலையும் அச்சேபேயின் உரையையும் ஒரே புத்தகத்தில் வைத்துப் படிக்க நார்ட்டன் பதிப்பு வசதியாக இருக்கும். வரலாறு வேண்டுமென்றால் ஆடம் ஹோக்‌ஷில்டின் ‘கிங் லியோபோல்ட்ஸ் கோஸ்ட்’ போதும், லொன்டுலுவின் கதையும் அதில் வருகிறது.